நேரம் சொன்னவருக்கு வந்த பில்

வீட்டில் டி.வி. பெட்டிக்குப் பக்கத்திலோ அலமாரியின் மேல் தட்டிலோ, பச்சை விளக்குகள் மினுக்கியபடி ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ரூட்டர் என்று பெயர். இன்டர்நெட் வீட்டுக்குள் நுழையும் வாசல் அதுதான். மாதா மாதம் பணம் கட்டுவதோடு சரி. அந்தப் பெட்டியை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வேலை செய்யாத அன்றைக்கு மட்டும் தலையில் இரண்டு தட்டு விழும்.

மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் இந்தப் பெட்டிக்கு ஒரு சங்கடம் உண்டு. மணி என்ன என்று அதற்குத் தெரியாது. பாட்டரியில் ஓடும் கடிகாரம் பெரும்பாலான ரூட்டர்களுக்குள் கிடையாது. எனவே, கண் விழித்ததும் அது செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, எங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் மணி கேட்பது. கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிடுகிறது. காசு கிடையாது.

அந்தப் பதிலைச் சொல்வது யார்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு டேனிஷ்காரரின் கதை இருக்கிறது. 2005-ல், அவருக்கே தெரியாமல், எங்கெங்கோ இருந்த வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அவரிடம் மணி கேட்க ஆரம்பித்தன. இலவசமாக நேரம் சொன்ன புண்ணியத்துக்கு அவருக்கு வருடத்துக்கு 54,000 குரோனர் என்று பில் வந்தது. அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 4 லட்சம் ரூபாய்!

கடிகாரப் பித்து

டென்மார்க் சின்ன நாடு. ஜனத்தொகை 60 லட்சம். டில்லி ஜனத்தொகையில் பாதிகூட இல்லை. ஆனால் கடிகாரத்தின் மேல் அந்த நாட்டுக்காரர்களுக்கு ஒரு பித்து உண்டு.

கோபன்ஹேகன் நகர மன்றக் கட்டடத்துக்குள் போனால், கண்ணாடிக்குள் வைத்த பிரமாண்டமான கடிகாரம் ஒன்றைப் பார்க்கலாம். பூட்டுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கிக் கடிகாரக்காரரான யென்ஸ் ஓல்சன் என்பவரின் கனவு அது. பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இதைவிட நுட்பமாக ஒன்று செய்யவேண்டும் என்று கிளம்பியவர். கணக்குப் போடவே பல வருஷங்கள் ஆயின. 1945-ல் காலமாகிவிட்டார். கடிகாரம் ஓட ஆரம்பித்தது 1955 டிசம்பர் 15-ந் தேதி. கிரகங்களின் போக்கையும் கிரகணங்களையும் காட்டும் அந்தக் கடிகாரத்தில், மிக மெதுவாகச் சுற்றும் பல்சக்கரம் ஒரு சுற்று முடிக்க 25,753 வருஷம் ஆகும். செய்தவரே ஓடிப் பார்க்காத கடிகாரத்துக்கு அப்படி ஒரு சக்கரம்!

நாட்டின் நேரத்தைப் பற்றி அங்கே 1893-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 15-வது தீர்க்கரேகையில் சூரியன் காட்டும் சராசரி நேரமே டென்மார்க்கின் நேரம் என்றது அது. அந்த ரேகை போர்ன்ஹோம் தீவில் குட்யெம் என்ற ஊர் வழியாகப் போகிறது. உலகம் அணுக் கடிகாரத்துக்கு மாறிய பிறகும் சட்டப் புத்தகத்தில் சூரிய நேரமே நீடித்தது. சர்வதேச அணு நேரக் கணக்குக்குச் சட்டம் மாறியது 2023-ல்தான்.

இவ்வளவு பித்து இருந்தும், இன்டர்நெட் வந்த பிறகு கம்ப்யூட்டர்களுக்கு மணி சொல்லும் அரசாங்க அலுவலகம் எதுவும் டென்மார்க்கில் ஏற்படவில்லை. அமெரிக்காவில் அரசு நிறுவனம் ஒன்று அந்த வேலையைச் செய்தது. டென்மார்க்கில் அதைத் தானாக எடுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் போல்-ஹென்னிங் காம்ப்.

யார் இந்தக் காம்ப்?

1966-ல் பிறந்தவர். கம்ப்யூட்டர் உலகத்தில் அவரைப் பெயரின் மூன்று முதலெழுத்துகளால்தான் குறிப்பிடுவார்கள். ஃப்ரீபிஎஸ்டி என்று ஓர் இயங்குதளம் உண்டு. கம்ப்யூட்டர் இயங்குவதற்கான அடிப்படை மென்பொருள் அது. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. அதில் நீண்ட காலம் முக்கியப் பங்கு வகித்தவர் காம்ப்.

தான் எழுதியவற்றில் சிலவற்றுக்கு அவர் போட்ட நிபந்தனை பிரசித்தம். எடுத்துக்கொள்ளுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். என்றைக்காவது நேரில் சந்தித்து, இது உருப்படியான பொருள் என்று உங்களுக்குத் தோன்றினால் ஒரு பீர் வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பீர் நாட்டுக்காரர் பீர் கேட்டார். கும்பகோணத்துக்காரராக இருந்தால் டிகிரி காபி கேட்டிருப்பார்.

பழைய கம்ப்யூட்டர்களின் மேலும் அவருக்குப் பிரியம் அதிகம். டென்மார்க்கில் ரெக்னேசென்ட்ராலன் என்ற நிறுவனம் 1957-ல் டாஸ்க் என்ற கம்ப்யூட்டரையும், 1961-ல் கியர் என்ற டிரான்சிஸ்டர் கம்ப்யூட்டரையும் தயாரித்து ஓடவிட்டது. அந்தக் காலத்து யந்திரங்களையும் காகித நாடாக்களையும் குப்பைக்குப் போகாமல் காப்பாற்றும் ஒரு சங்கம் அங்கே இருக்கிறது. அதில் உழைப்பவர்களில் காம்பும் ஒருவர். அரை நூற்றாண்டுக்கு முந்தைய நாடாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்வது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு.

மணி சொல்லும் கலை

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் மணி கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு. பதில் வந்து சேர்வதற்குள் மணி மாறிவிடும். நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் என்றாலும் தாமதம் தாமதம்தானே?

டேனிஷ் வானியல் அறிஞர் ஓலே ரோமர், 1676-ல் பாரீஸில் இருந்தபோது இதே சிக்கலை வானத்தில் கண்டார். வியாழனின் துணைக்கோள் ஒன்று கிரகணத்தில் மறைந்து வெளிப்படும் நேரம், பூமி தூரப் போகும்போது தள்ளிப்போனது. கிட்ட வரும்போது முந்திக்கொண்டது. துணைக்கோளில் கோளாறு இல்லை. ஒளி வந்து சேர நேரம் பிடிக்கிறது என்று அவர் கண்டு சொன்னார். ஒளிக்கு வேகம் உண்டு என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

கம்ப்யூட்டர்களுக்கு இந்தக் கணக்கை வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985-ல் அவர் வகுத்த முறைக்கு என்.டி.பி. என்று பெயர். 2024-ல் அவர் மறைந்தார். முறை எளிமையானது. கேட்கிற கம்ப்யூட்டர் தான் கேள்வியை அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. பதில் சொல்லும் கம்ப்யூட்டர், கேள்வி வந்த நேரத்தையும் பதில் அனுப்பிய நேரத்தையும் எழுதி அனுப்புகிறது. பதில் கைக்கு வந்ததும் நான்கு நேரங்கள் கிடைத்துவிடுகின்றன. வழியில் கழிந்த நேரத்தைக் கண்டுபிடித்து, போகப் பாதி வரப் பாதி என்று வைத்துத் திருத்திக்கொண்டால் கடிகாரம் சரியாகிவிடும்.

மணி சொல்லும் கம்ப்யூட்டர்களில் படிவரிசை உண்டு. முதல் படியில் இருப்பவை அணுக் கடிகாரத்திலிருந்தோ ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களிலிருந்தோ நேரடியாக நேரத்தைப் பெறுபவை. அவற்றிடம் இரண்டாம் படிக் கம்ப்யூட்டர்கள் கேட்கும். அவற்றிடம் மூன்றாம் படி. வீட்டு ரூட்டருக்குக் கீழ்ப்படியே தாராளம். அது நேராக முதல் படிக்குப் போவது, ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கலெக்டரிடம் போய்க் கேட்பது மாதிரி.

காம்ப் நடத்தியது முதல் படிக் கம்ப்யூட்டர். டென்மார்க்கில் பொது உபயோகத்துக்கு இருந்த முதல் படிக் கம்ப்யூட்டர் அது ஒன்றுதான். டென்மார்க்கின் இன்டர்நெட் நிறுவனங்கள் தங்கள் இணைப்புகளை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மையத்தில் அது இருந்தது. அந்த மையத்தோடு நேரடித் தொடர்பு உள்ள டேனிஷ் கம்ப்யூட்டர்கள் மட்டுமே கேட்கலாம் என்று தெளிவாக விதி போட்டிருந்தார். கேட்பவர்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொரு கேள்வியும் தந்தி போலச் சுருக்கம். ஊருக்கு நல்லது செய்கிறார் என்று மையமும் அவரிடம் இணைப்புக் கட்டணம் வாங்கவில்லை.

வெள்ளம்

2005-ல் நிலைமை மாறியது. கேள்விகள் வெள்ளமாக வர ஆரம்பித்தன. டென்மார்க்கிலிருந்து மட்டுமல்ல, கேட்க உரிமையே இல்லாத தேசங்களிலிருந்தெல்லாம் வந்தன.

யாராவது விஷமம் செய்கிறார்களா? கேள்விகளை எடுத்துப் பரிசோதித்துப் பார்த்தார் காம்ப். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் ரிச்சர்ட் கிளேட்டனும் துப்புத் துலக்க உதவினார். விஷமக்காரர் யாரும் இல்லை என்று தெரிந்தது. வந்த கேள்விகளில் 100-க்கு 75 முதல் 90 வரை, ஒரே நிறுவனம் தயாரித்த வீட்டு ரூட்டர்களிலிருந்து வந்தவை. மணி கேட்கவேண்டிய கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்றை அந்த நிறுவனம் ரூட்டருக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டது. அதில் காம்பின் கம்ப்யூட்டர் விலாசமும் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். விவகாரம் பின்னால் சமரசமாக முடிந்துவிட்டது. தவிர, அந்தத் தவறைச் செய்தது அது ஒன்று மட்டுமல்ல.

ரூட்டரை வாங்கி வீட்டில் வைத்தவர்களுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பெட்டி டென்மார்க்கைத் தொந்தரவு செய்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதுதான் இதில் உள்ள பெரிய கஷ்டம். கடைக்குப் போய்விட்ட சரக்கைத் திருப்பி அழைக்க முடியாது. உள்ளே எழுதியதை மாற்ற, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் பெட்டிக்குப் புதிய மென்பொருள் ஏற்றவேண்டும். அப்படிச் செய்பவர்கள் எத்தனை பேர்? பெட்டி உடைகிற வரை அது மணி கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

இணைப்பு மையம் கையை விரித்தது. இவ்வளவு போக்குவரத்தை இலவசமாகத் தாங்க முடியாது, வருடம் 54,000 குரோனர் கட்டுங்கள் என்றது. அவர்கள் கணக்கிலும் நியாயம் இருந்தது. ஊருணிக்கு வரி கேட்பார்களா என்று கேட்கலாம். ஊருணியில் பக்கத்து மாவட்டமே லாரி வைத்துத் தண்ணீர் எடுத்தால், யாரோ ஒருவர் கணக்குக் கேட்கத்தானே வேண்டும்?

கடிதமும் வக்கீலும்

2005 நவம்பரில் காம்ப் அந்த நிறுவனத்துக்கு எழுதினார். அவர் கேட்டவை இரண்டு: பட்டியலிலிருந்து என் விலாசத்தை எடுத்துவிடுங்கள், இதைக் கண்டுபிடிக்க நான் செலவழித்த நேரத்துக்கும் பணத்துக்கும் ஈடு கொடுங்கள்.

பேச்சு வார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. பிரச்னையே இல்லை என்று மறுப்பு வந்தது. மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்றுகூட அவர் மேல் பழி விழுந்தது. நிறுவனம் ஒரு தொகை கொடுக்க முன்வந்தது. தன் செலவுக்கே அது காணாது என்றார் காம்ப். ஒரு பக்கம் பல நாடுகளில் கிளை பரப்பிய கம்பெனி. மறு பக்கம் சொந்தக் கம்ப்யூட்டரை ஊருக்கு விட்டுக்கொடுத்த தனி மனிதர்.

2006 ஏப்ரல் 7-ந் தேதி காம்ப் நடந்ததையெல்லாம் பகிரங்கக் கடிதமாக எழுதி வெளியிட்டுவிட்டார். கம்ப்யூட்டர்காரர்கள் மத்தியில் அது காட்டுத் தீ போலப் பரவியது. தங்கள் கம்ப்யூட்டர்களின் விலாசமும் பட்டியலில் இருக்கிறதா என்று மற்ற நாட்டுக்காரர்களும் தேடினார்கள். இருந்தது. குறைந்தது 43 முதல் படிக் கம்ப்யூட்டர்களின் விதிகள் அப்படி மீறப்பட்டிருந்தன.

மாதங்களாக நகராத தேர் இருபதே நாளில் நகர்ந்தது. ஏப்ரல் 27-ந் தேதி, பிரச்னை சுமுகமாகத் தீர்ந்துவிட்டது என்று இரு தரப்பும் அறிவித்தன. ஏற்கெனவே விற்ற பெட்டிகள் காம்பின் கம்ப்யூட்டரைக் கேட்க அனுமதி; இனிமேல் தயாரிப்பவற்றில் அந்த விலாசம் இருக்காது. வேறு என்ன செய்ய முடியும்? விற்ற பெட்டிகள்தான் யார் சொல்லியும் கேட்கப் போவதில்லையே.

முன்னால் நடந்த கூத்து

இதற்கு இரண்டு வருஷம் முன்பே அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. 2003-ல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் மணி சொல்லும் கம்ப்யூட்டருக்கு நொடிக்கு இரண்டரை லட்சம் கேள்விகள் வரை வந்து குவிந்தன. பல்கலைக்கழகத்தை யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பார்த்தால், அதுவும் வேறொரு கம்பெனியின் வீட்டு ரூட்டர். சுமார் 7 லட்சம் பெட்டிகளுக்குள் பல்கலைக்கழகத்தின் விலாசம் ஏறியிருந்தது. பதில் கிடைக்காவிட்டால் நொடிக்கு ஒரு தரம் திரும்பத் திரும்பக் கேள் என்றும் அந்தப் பெட்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வெள்ளத்தைத் தடுக்கப் பதிலை நிறுத்தினால் கேள்வி இன்னும் அதிகமாகும்! அழுகிற குழந்தைக்கு மிட்டாய் மறுத்த கதைதான்.

அந்தக் கம்பெனி பின்னால் பல்கலைக்கழகத்துக்கு 3,75,000 டாலர் நன்கொடை கொடுத்தது. காம்புக்குப் பின்னால் பல்கலைக்கழகம் எதுவும் இருக்கவில்லை.

பூட்டும் கொட்டகையும்

ஊர் பேர் தெரியாத வீடுகளிலெல்லாம் காம்பின் கைவேலை நுழைந்தது அது முதல் தடவை அல்ல.

1990-களின் மத்தியில் ஃப்ரீபிஎஸ்டிக்காக அவர் ஒரு பூட்டுச் செய்தார். கம்ப்யூட்டரில் நுழையக் கொடுக்கும் ரகசியச் சொல்லை அப்படியே எழுதி வைத்தால், திருடன் கையில் புத்தகம் கிடைத்ததும் எல்லாம் போச்சு. அதனால் சொல்லை அரைத்துக் கூழாக்கி, கூழை மட்டும் வைத்துக்கொள்வார்கள். கூழிலிருந்து சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. காம்பின் முறை ஒரு தரம் அரைப்பதோடு நிற்காமல் ஆயிரம் தரம் அரைத்தது. திருடன் ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்தால் அவனுக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் தரம் அரைக்கிற வேலை. அந்தப் பூட்டு லினக்ஸுக்கும் போனது. பெரிய நிறுவனங்களின் கருவிகளுக்கும் போனது.

2012-ல் காம்ப் ஓர் அறிக்கை வெளியிட்டார். இந்தப் பூட்டு இனிப் பத்திரமில்லை, தயவு செய்து மாற்றுங்கள் என்று செய்தவரே சொன்னார். கம்ப்யூட்டர்களின் வேகம் கூடிக்கூடி, ஆயிரம் தரம் அரைப்பது ஒன்றுமில்லாததாகப் போய்விட்டது. தன் சரக்கு காலாவதியாகிவிட்டது என்று தானே முன்வந்து சொல்கிற உற்பத்தியாளர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

கம்ப்யூட்டர் உலகத்துக்கு அவர் ஒரு சொல்லையும் பிரபலமாக்கிக் கொடுத்தார். 1999 அக்டோபரில் ஃப்ரீபிஎஸ்டிக்காரர்களுக்குள் ஒரு வாக்குவாதம். கம்ப்யூட்டரை இத்தனை நொடி சும்மா இரு என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டளையில், நொடியின் பின்னத்தையும் அனுமதிக்கலாமா என்பதுதான் விஷயம். அதற்குப் பக்கம் பக்கமாகக் கடிதங்கள் பறந்தன. பொறுமை இழந்த காம்ப், பார்க்கின்ஸன் என்ற ஆங்கில எழுத்தாளர் சொன்ன கதையை நினைவூட்டி ஒரு கடிதம் போட்டார். அணு உலை கட்டும் திட்டம் கமிட்டியில் சில நிமிஷங்களில் பாஸாகிவிடும், ஏனென்றால் யாருக்கும் புரியாது. சைக்கிள் கொட்டகை கட்டுவதென்றால் நாள் முழுவதும் சண்டை, ஏனென்றால் எல்லோருக்கும் சைக்கிள் கொட்டகை தெரியும் என்பது அந்தக் கதை. கொட்டகைக்கு எந்த வர்ணமானாலும் சரி என்று தலைப்பிலேயே எழுதினார் காம்ப். கைரேகை பதிப்பது என்று டென்மார்க்கில் இதற்கு ஒரு வழக்குச் சொல் உண்டு என்றும் எழுதினார். இதோ, இந்த இடம் நான் செய்தது என்று காட்டிக்கொள்ளும் ஆசை.

வெளிமாநிலங்களில் தமிழ்ச் சங்கப் பொதுக்குழுவுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கவேண்டியதில்லை. கட்டட நிதிக் கணக்கு ஐந்து நிமிஷத்தில் நிறைவேறும். பொங்கல் விழாச் சாப்பாட்டில் கேசரியா, பால் பாயசமா என்பதற்கு ஒரு மாலை முழுவதும் போகும்.

ஒரு நொடிச் சண்டை

மணி விஷயத்தைக் காம்ப் அப்புறமும் விடவில்லை. பூமி சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததால், அணுக் கடிகாரத்தோடு அதை ஒட்ட வைக்க 1972-லிருந்து அவ்வப்போது ஒரு நொடியைச் சேர்த்து வந்தார்கள். 2016 வரை 27 நொடிகள் சேர்த்தாயிற்று. கடைசி நொடி இந்தியக் கடிகாரத்தில் 2017 ஜனவரி 1-ந் தேதி காலை 5 மணி 29 நிமிஷம் 59 நொடிக்கு அடுத்ததாக வந்தது. அன்று அந்த நிமிஷத்துக்கு 61 நொடி.

மனிதர்களுக்கு இது விளையாட்டு. கம்ப்யூட்டருக்கு அப்படி அல்ல. 60 நொடிக்கு மேல் நிமிஷம் உண்டு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. 2012-ல் இப்படி ஒரு நொடி சேர்த்தபோது லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் பல திணறின. ஆஸ்திரேலியாவில் விமானப் பயணிகளைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டர்கள் நின்று, விமானங்கள் தாமதமாயின. அதற்கு முந்தைய வருஷமே காம்ப் இந்த ஒரு நொடிச் சண்டையைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி எச்சரித்திருந்தார். 2022 நவம்பரில் எடைகள், அளவைகள் பற்றிய சர்வதேச மாநாடு, 2035-க்குள் இந்த வழக்கத்தை மாற்றிவிடுவதென்று தீர்மானித்தது.

நொடிக் கணக்கு டென்மார்க்கில் இன்று வெறும் பொழுதுபோக்கு விஷயம் அல்ல. 2014-லிருந்தே 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசாங்கக் கடிதம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. விலக்கு வாங்கியவர்களுக்கு மட்டும் காகிதம். அரசுக்குச் சொந்தமான தபால் நிறுவனம், நாலு நூற்றாண்டுப் பழக்கத்தை முடித்துக்கொண்டு, 2025 டிசம்பர் 30-ந் தேதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்திவிட்டது. தெருவோரச் சிவப்புப் பெட்டிகளைக் கழற்றி எடுத்தாயிற்று. கடிதம் எழுதியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு தனியார் நிறுவனம் இருக்கிறது. தபால்காரர் முத்திரையில் இருந்த தேதியை இப்போது கம்ப்யூட்டர் கடிகாரம் போடுகிறது.

டில்லியில் ஒரு தமிழர் பெயர்ச் சாலை

இந்தியாவில் நேரத்தைக் காப்பது டில்லி பூசாவில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம். அதன் அணுக் கடிகாரங்கள் காட்டுவதே இந்திய நேரம். ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கு டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். வத்திராயிருப்பில் பிறந்து, சர் சி.வி. ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்து, அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானவர் கிருஷ்ணன். அந்த வழியாக தினம் பஸ்ஸில் போகும் டில்லித் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

2022 ஏப்ரல் 28-ந் தேதி, மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. இன்டர்நெட் நிறுவனங்களும் கம்பெனிகளும் அரசு அலுவலகங்களும் தங்கள் கம்ப்யூட்டர்களின் கடிகாரத்தை இந்த ஆய்வுக்கூடத்தோடோ தேசியத் தகவலியல் மையத்தோடோ, அல்லது அவற்றை ஒட்டி ஓடும் கம்ப்யூட்டரோடோ சேர்த்து வைக்கவேண்டும் என்றது. திருட்டு நடந்தால் எது முன்னால், எது பின்னால் என்று தெரியவேண்டுமே! முப்பது நொடிக்கு ஒரு முறை மாறும் ரகசிய எண்ணும் கடிகாரத்தை நம்பித்தான் இருக்கிறது. கடிகாரம் தப்பினால் எண்ணும் தப்பு.

இன்னொரு டேனிஷ்காரர்

அரசாங்கம் இல்லாத இடங்களிலும், அரசாங்கத்தைத் தேடிப் போகாத வீட்டுப் பெட்டிகளுக்கும் இன்று மணி சொல்வது பெரும்பாலும் ஒரு கூட்டுறவு. ஒரே கம்ப்யூட்டரின் தலையில் எல்லோரும் ஏறி உட்காராமல் இருக்க, விருப்பமுள்ளவர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களைப் பொதுவில் சேர்த்துவிட, கேட்பவர்களை முறை வைத்துப் பிரித்து அனுப்பும் ஏற்பாடு அது. ஆட்ரியன் ஃபான் பிடர் என்பவர் 2003 ஜனவரியில் தொடங்கினார். 2005 ஜூலையிலிருந்து அதை நடத்தி வருபவர் ஆஸ்க் பியோர்ன் ஹான்சன். அவரும் டேனிஷ்காரர், வசிப்பது அமெரிக்காவில். காம்பின் கம்ப்யூட்டர் வெள்ளத்தில் தத்தளித்த அதே வருஷம்!

ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அதில் இருக்கின்றன. கம்பெனிகள் விட்டவையும் உண்டு, தனி மனிதர்கள் வீட்டில் வைத்திருப்பவையும் உண்டு. இந்தியாவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ரூட்டர் தயாரிப்பவர்கள் யாருடைய விலாசத்தையும் திருடவேண்டாம். கேட்டால் கம்பெனிக்கென்று ஒரு பெயர் ஒதுக்கித் தருகிறார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சரியாக மணி சொல்கிறதா என்று அடிக்கடி பரீட்சை நடக்கிறது. அதிகபட்ச மதிப்பெண் 20. பத்துக்குக் கீழே போனால் சரியாகிற வரை அதனிடம் யாரையும் அனுப்புவதில்லை.

சேர்வதற்குப் பெரிய தகுதிகள் தேவையில்லை. மாறாத விலாசமும், எப்போதும் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் போதும். ஆனால் சேரும்போதே ஓர் எச்சரிக்கை கொடுத்துவிடுகிறார்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்த பிறகும் கேள்விகள் உடனே நிற்பதில்லை. பழைய விலாசத்தை மனப்பாடம் செய்துகொண்ட பெட்டிகள் எங்கேயோ இருக்கும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், அவை வந்து மணி கேட்டுக்கொண்டே இருக்கும்.